"வேலையை முடிங்க, ஆர்டர் பின்னாலே வந்துடும்"

அரசு டெண்டர் எடுத்து வேலை பார்க்கும் பொறியாளர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சொல்கிற அதிகாரி பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அந்த வேலையைக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அரசியலமைப்பின் 299-வது பிரிவு இதில் கறாரானது. மத்திய அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பெயரிலும், மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரிலும் இருக்க வேண்டும்; அதிகாரம் அளிக்கப்பட்டவரே கையெழுத்திட வேண்டும். தவறினால் அந்த ஒப்பந்தம் அரசைக் கட்டுப்படுத்தாது. வாரியங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே அவற்றின் சொந்த விதிகளைப் பார்க்க வேண்டும்.

வங்காளத்தில் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற ஒப்பந்த நிறுவனம் 1944-இல் பட்ட பாடு இதற்குச் சாட்சி. ஆரம்பாக் என்ற ஊரில் குடிமைப் பொருள் துறை அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி கிடங்கு, மண் சாலை என்று கட்டிக்கொடுத்தது. துறையும் அவற்றைப் பயன்படுத்தியது. பணம் கேட்டபோது, முறையான ஒப்பந்தமே இல்லை என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1961 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செல்லாது, ஆனாலும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவின்படி, இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். ஒப்பந்தக்காரருக்கு நியாயம் கிடைத்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இளம் பொறியாளர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: ஒப்பந்தத்தில் இல்லாத எக்ஸ்ட்ரா ஐட்டம் எதையும் வாய்ச்சொல்லில் தொடங்காதீர்கள். தளத்தில் யாராவது சொன்னால், என்ன வேலை, யார் சொன்னார், எவ்வளவு ஆகும் என்று அன்றைக்கே ஒப்புதல் வழங்கும் அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகு வேலையில் இறங்குங்கள்.

வைப்புத்தொகை பற்றியும் ஒரு பயம் பரவலாக இருக்கிறது. வேலை தடைப்பட்டால் செக்யூரிட்டி டெபாசிட் போனது போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மௌலா பக்ஸ் என்பவர் 1947-இல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் தர ஒப்பந்தம் செய்து, சரிவரத் தராமல் போனார். அவருடைய 18,500 ரூபாய் வைப்புத்தொகையை அரசு பறிமுதல் செய்தது. தவறு அவர் பக்கம் இருந்தும், தனக்கு ஏற்பட்ட இழப்பை அரசு நிரூபிக்கவில்லை என்பதால் பறிமுதல் செல்லாது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பைக் கணக்கிடவே முடியாத ஒப்பந்தங்களின் நிலை வேறு. ஆனாலும் கேட்காமல் விட்டுவிடுவது சரியல்ல.

இறுதி பில்லில் 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போடும் முன், வர வேண்டிய தொகை இருந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் பதியுங்கள்.

பொருளோ சேவையோ தரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் கூடுதல் பலம். ஒப்பந்தம் என்ன சொன்னாலும், பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் ஒப்பந்தம் போட்ட பிறகு பதிவு செய்துகொண்டு, பழைய பில்லுக்கு இந்த உரிமையைக் கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே டெண்டர் போடும் முன்பே இதற்கான உத்யம் பதிவை முடித்துவிடுங்கள்.