மருமகளுக்கு, இரத்தக் காட்டேரிகளைப் பற்றி

சங்கரன்கோவில்,
ஆனி மாதம்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் நீண்ட கடிதம் கிடைத்தது. பரீட்சை முடிந்த கையோடு ‘ட்வைலைட்’ நாலு பாகத்தையும் ‘டிராகுலா’வையும் படித்திருக்கிறாய். அப்புறம் கைப்பேசியில் வரும் தமிழ்க் காதல் தொடர்கள் வேறு. ஒவ்வொன்றுக்கும் உன் அபிப்பிராயத்தை எழுதி, “சரியா அத்தை?” என்று கேட்டிருக்கிறாய். மதினியும் போன் பண்ணினாள். “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேய்க்கதை படிக்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பா” என்றாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அது ஒன்றுதான் மதினிக்காக நான் சொல்வது. படிக்காதே என்று சொல்ல மாட்டேன்.

வாடகை நூல் நிலையம் நடத்திய காலத்தில் என்னிடம் புத்தகம் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் விசைத்தறிக்குத் தார் சுற்றுகிற பிள்ளைகளும் பூக்கட்டுகிற பெண்களும்தான். ராணிமுத்து, ரமணிச்சந்திரன் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். புத்தகம் திரும்பி வரும்போது ஓரங்களில் மஞ்சள் கறை இருக்கும், நடுவில் வாழை நார் அடையாளமாகச் செருகியிருக்கும். அவர்களில் ஒரு பெண் எப்போதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தால்தான் எடுத்துப் போவாள். அவள் வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலை. முடிவு தெரிந்ததாக அவள் கையில் இருந்தது அந்தப் புத்தகம் மட்டும்தான். காதல் கதையை மட்டமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வரும். அதனால் நீ படித்ததற்கு வெட்கப்பட்டு எழுதியிருக்கும் அந்த முதல் பத்தி தேவையே இல்லை.

மாயக்கதை வெளிநாட்டுச் சரக்கு என்று உன் கல்லூரியில் யாரோ சொன்னார்களாமே. நம் ஊர்க் கோயிலே ஒரு மாயக்கதையின் மேல்தான் நிற்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் வழக்கு. அது தீர வேண்டும் என்று கோமதியம்மன் புன்னை வனத்தில் தவம் இருக்கிறாள், ஒரே உடம்பில் இருவரும் சங்கரநாராயணராக வந்து நிற்கிறார்கள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் அதைக் கட்டுக்கதை என்று பார்க்க வருவதில்லை. இன்னொன்றையும் கவனி. அம்பாள் தனக்கு என்ன காட்சி வேண்டும் என்று தானே தீர்மானித்துக் கேட்டு வாங்குகிறாள். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ட்வைலைட்டில் உனக்கு இரண்டாம் பாகம் பிடிக்கவில்லை, இழுவை என்கிறாய். எனக்கு அந்த வரிசையிலேயே நல்ல இடம் அதில்தான் இருக்கிறது. காதலனான காட்டேரி எட்வர்ட் கதாநாயகி பெல்லாவை விட்டுப் போனபின் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயரை மட்டும் அச்சடித்து வெறும் பக்கங்களாக விட்டிருக்கிறார் ஸ்டெஃபனி மேயர். துக்கத்தில் கிடக்கிறவளுக்கு மாதம் எப்படிப் போகும் என்பதை அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. நாலாம் பாகத்தில் போருக்கு எல்லோரையும் திரட்டிவிட்டுப் பேச்சிலேயே முடித்துவிட்டார் என்று உனக்குக் கோபம். எனக்குக் கோபம் இல்லை. மூன்று பாகமும் யாராவது காப்பாற்ற வேண்டியிருந்த பெல்லா, அங்கே மற்ற எல்லோருக்கும் கவசமாக நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அது வந்து சேர வேண்டிய இடம்.

ஆனால் நீ அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாயே, எட்வர்ட் மாதிரிப் பார்த்துக்கொள்வதுதான் காதல் என்று, அங்கேதான் நான் உன்னை நிறுத்தி வைத்துப் பேச வேண்டும். அவன் என்னென்ன செய்கிறான் என்று வர்ணனையை எல்லாம் எடுத்துவிட்டு எழுதிப் பார். பெல்லாவுக்குத் தெரியாமல் ராத்திரி அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 2007இல் வந்த மூன்றாம் பாகத்தில், நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று அவள் வண்டி எஞ்சினில் ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். தான் ஊரில் இல்லாதபோது அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி சகோதரி ஆலிஸிடம் சொல்கிறான், அதற்குக் கைக்கூலி ஒரு போர்ஷே கார். பின்னால் அவனே இறங்கி வந்து, நீ போய் வா என்கிறான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவன் அழகையும் மனவேதனையையும் எழுத்தாளர் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டதால், வண்டியைக் கழற்றியது உன் கண்ணுக்குப் படவே இல்லை. இதையே நம் தெருவில் ஒருத்தன் தன் பெண்டாட்டியின் ஸ்கூட்டிக்குச் செய்தால் நீ என்ன பேர் வைப்பாய்?

டிராகுலாவைப் பழைய புத்தகம், மெதுவாகப் போகிறது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். பிராம் ஸ்டோக்கர் அதை வெளியிட்டது 1897இல். அதில் மீனா என்ற பெண்ணைத் திரும்பப் படி. ஆளாளுக்கு எழுதிய நாட்குறிப்பு, கடிதம், தந்தி எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தேதி வாரியாக அடுக்குகிறவள் அவள்தான். அந்த அடுக்கு இல்லாவிட்டால் எதிரி யார் என்றே ஆண்களுக்குப் புரிந்திருக்காது. அப்படிப்பட்டவளை, அவள் நன்மைக்காக என்று சொல்லி, ஆலோசனையிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் தூங்க அனுப்புகிறார்கள். டிராகுலா வந்து அவள் இரத்தத்தைக் குடிப்பது அந்த நாட்களில்தான். பெண்ணிடம் மறைப்பது அவளைக் காப்பதாகாது என்பதை நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகம் கதைப்போக்கிலேயே காட்டிவிடுகிறது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டாகப் பாடுகிற நீலி கதை. நம்பி வந்த பெண்ணை நகைக்காகக் கொன்றுவிடுகிறான் ஒருவன். பார்த்த சாட்சி ஒரு கள்ளிச் செடி. மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன் என்று பழையனூர் வேளாளர் சபையில் வந்து அழுகிறாள். இறக்கிவிட்ட குழந்தை நேரே அவனிடம் போகிறது. அதைப் பார்த்துச் சபையிலிருந்த எழுபது பேரும் மனம் இளகி, இவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இந்தக் கதையில் எனக்கு அவள் மேலும் கோபம் இல்லை, அவர்கள் மேலும் இல்லை. அவளுக்கு நடந்தது அநியாயம், அவர்களுடையது நேர்மை. ஆனால் கண்ணீரையும் குழந்தையையும் பார்த்தவர்கள், இவள் பேய் என்று அவன் நடுங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்கவில்லை. கதை படிக்கிற நாமும் அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான், மருமகளே. எழுத்தாளர் நம் மடியில் ஒரு குழந்தையை இறக்கிவிடுவார். இளகு, தப்பில்லை. வாக்குக் கொடுப்பதற்கு முன் மற்ற ஆளையும் விசாரி.

கைப்பேசித் தொடர்களில் ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று ஒரு வகை இருக்கிறதே, அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, பிடித்திருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. கையைப் பிடித்து முறுக்குகிறவன், கட்டாயத் தாலி கட்டுகிறவன், இருபதாவது அத்தியாயத்தில் அவனுடைய சிறுவயதுச் சோகம் வந்ததும் எல்லாம் மன்னிக்கப்படுகிறது. நானும் சிலதைப் படித்தேன். சோகம் ஒருவன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்லும். அவள் ஏன் பொறுக்க வேண்டும் என்பதற்கு அது பதில் ஆகாது. அந்தத் தொடர்களில் அவள் ஒரு தடவையாவது தனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டு, அது அவள் கேட்டபடி நடக்கிறதா என்று பார். தபசு இருந்த அம்பாளைச் சொன்னது இதற்குத்தான்.

இனி அபிப்பிராயம் எழுதும்போது, சூப்பர், மொக்கை என்று நிறுத்தாதே. எந்தப் பக்கத்தில் உனக்கு மூச்சு முட்டியது, எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தாய், அங்கே யார் என்ன செய்தார்கள் என்று எழுது. நான் சொன்னது உனக்கு ஒப்பவில்லை என்றால் அதையும் பக்கத்தைக் காட்டி மறுத்து எழுது, சந்தோஷமாகப் படிப்பேன்.

அடுத்து இரண்டு படி. ஒன்று, ஷெரிடன் லெ ஃபானு 1872இல் புத்தகமாக்கிய ‘கார்மில்லா’. டிராகுலாவுக்கு மூத்தவள் அவள், சின்னப் புத்தகம்தான். இன்னொன்று நம் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. ராத்திரியில் ஒரு வாடை, மனைவியின் குரல்வளையில் குண்டூசி முனையளவு ஒரு இரத்தத்துளி, அவ்வளவுதான் காட்டுகிறார். வந்தது பேயா பிரமையா என்று தீர்ப்பும் சொல்வதில்லை. கதையைச் சொல்கிறவன் அந்த வீட்டுப் புருஷன், கதை எழுதுகிறவன். அவன் சொன்னதில் எதை நம்பினாய், எதை நம்பவில்லை, அவளைக் கேட்டால் அந்த ராத்திரியை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்கு எழுது. பகலில் படி.

இப்படிக்கு
அன்புள்ள அத்தை