ஆட்டுக்கால் சூப்பும் பாட்டியின் மூட்டும்

அன்புள்ள கயல்விழிக்கு,

பாட்டிக்குத் தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறீர்களே, அதிலுள்ள கொலாஜன் அப்படியே மூட்டில் போய் ஒட்டுமா என்று கேட்டிருந்தாய். காலுக்குக் கால், ஈரலுக்கு ஈரல் என்று ஒரு கணக்கு நம் ஊரில் நெடுநாளாக ஓடுகிறது. இப்போது படித்தவர்களும் அதே கணக்கில் டப்பா டப்பாவாகக் கொலாஜன் பவுடர் வாங்குகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

செரிமானம் நீ படித்ததுதான். குடலைத் தாண்டியபின் அமினோ அமிலத்துக்கு ஊரும் பேரும் கிடையாது. ஆட்டுக்காலின் கிளைசினும் துவரம்பருப்பின் கிளைசினும் ஒன்றுதான். இரண்டு மூன்று அமிலங்கள் சேர்ந்த துணுக்குகளும் கொஞ்சம் ரத்தத்துக்குப் போகும். பவுடர்காரர்கள் உடனே அதைப் பிடித்துக்கொள்வார்கள். துணுக்கு வேறு, கொலாஜன் வேறு, அம்மா!

உயிர்வேதியியலாளர் ருடால்ஃப் ஷோன்ஹைமரைப் படி. ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவர் இறந்தபின் 1942இல் வந்த சிறு புத்தகத்தை நான் கதைப் புத்தகம் போல ஒரே மூச்சில் படித்தேன். அதில் வரும் ஒரு சோதனையில், வளர்ச்சி முடிந்த எலிகளுக்கு, நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜனால் அடையாளமிட்ட லூசின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தார்கள். எடை கூடாத எலி. வந்த நைட்ரஜன் சிறுநீரில் போய்விடும் என்றே அன்று பலரும் நினைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் உடல் புரதத்தில் ஏறியிருந்தது! குளூட்டமிக் அமிலம் போன்ற மற்றவற்றுக்கும் அது கைமாறியிருந்தது. லைசின் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. உடம்பு ஓயாமல் தன்னையே இடித்துக் கட்டுகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் இப்படிப் புதிதாகிறது. நாம் சாப்பிடுவதோ 50, 60 கிராம். மிச்சமெல்லாம் இடித்த வீட்டுச் செங்கல். தேவைக்கு மேல் வந்ததைச் சேர்த்துவைக்கக் கிடங்கு இல்லை. நைட்ரஜன் யூரியாவாக வெளியேறும்.

உன் கேள்விக்கு நேர்பதில் 1949இல் மார்ஜரி ஸ்டெட்டன் செய்த சோதனை. கொலாஜனின் தனி அடையாளம் ஹைட்ராக்சிபுரோலின். அதற்கே நைட்ரஜன்-15 இட்டு எலிகளுக்குக் கொடுத்தார். கொலாஜன் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றே சொல்லலாம். புரோலின் முதலில் சங்கிலியில் கோக்கப்படும். பிறகுதான் அங்கேயே ஹைட்ராக்சிபுரோலினாக மாறும். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும். ஸ்கர்வியில் ஈறு தளர்வது அதனால்தான். இதை வகுப்பில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்!

சூப்பை நிறுத்தவேண்டாம், பாட்டிக்குப் பிடிக்கிறதல்லவா? இறக்கி ஆறியதும் எலுமிச்சை பிழிந்து கொடு. ஆனால் கொலாஜனில் டிரிப்டோஃபான் கிடையாது. சூப்பே போதும் என்று பருப்புச் சோற்றையும் முட்டையையும் அவர் ஒதுக்கினால் விடாதே.

அன்புடன்,
உன் பெரியப்பா