டிப்ஸ்: எங்கே கொடுக்கலாம், எங்கே கேள்வி கேட்கலாம்?

சமையல் எரிவாயு சிலிண்டரின் ரசீதுத் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணமும் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் 14.2 கிலோ வாயுவும் இரும்புமாகச் சுமார் 30 கிலோவை, லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாவது மாடிக்குத் தோளில் சுமந்து வருபவருக்கு மனமுவந்து 30 ரூபாய் கொடுப்பதே நியாயம். அதற்கு முன் ஒரு சொம்பு தண்ணீர்!

உணவகத்தில் பில்லைப் படித்துவிட்டுப் பணம் வைப்பது நல்லது. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம்; மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்கான தொகையை அவர் கையிலேயே கொடுப்பது உத்தமம்.

கொட்டும் மழையில் சாப்பாடு கொண்டுவருபவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தரலாம். சில்லறை இல்லையென்றால், அவரிடமே கேட்டு ஜிபே-யில் அனுப்பிவிடலாம்.