படமாகப் போட்டால் யாருக்குக் கேட்கும்?

எர்ணாவூரில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கும் கிளியரிங் ஏஜென்ட்களுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வேலை முடிந்ததும் எங்கள் தெருவில் இருக்கும் பார்வையில்லாத அக்கா ஒருவருக்கு லிங்க்கை அனுப்புவேன். அவர் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஓடும். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். "இங்கே தொடுங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை வீண்.

"தம்பி, பட்டன் பட்டன்னுதான் சொல்லுது, எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்குது." அதிகம் கேட்ட புகார் இதுதான். பூதக்கண்ணாடி, மூன்று கோடு, கூடை என்று படங்களைப் போட்டால் கண்ணுள்ளவருக்குப் போதும். பக்கத்தின் கோடிங்கில் 'தேடு', 'மெனு', 'கூடை' என்று பெயர் வைத்தால்தான் போன் வாசிக்கும். சில நிமிட வேலை.

தமிழுக்கென்றே உள்ள தலைவலி பழைய ஃபான்ட். வானவில்லிலோ பாமினியிலோ அடித்த கோப்பு கண்ணுக்குத்தான் தமிழ்; உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் உளறும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் தரும் கோப்போ இன்றும் பழையபடிதான் வருகிறது. கன்வெர்ட்டரில் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும், ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடிங்கில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரெடிமேட் டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் சோதிக்க என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதன் தமிழ்க் குரல் கரகரவென்றுதான் இருக்கும், பழகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எழுத்தைப் படமாக்குவது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அன்று என் போனில் குவிந்தவை ஸ்கிரீன்ஷாட்களும் வாய்ஸ் மெசேஜ்களும்தான். ஸ்கிரீன்ஷாட் அக்காவுக்குப் பயனில்லை, வாய்ஸ் மெசேஜ் காது கேளாதவருக்குப் பயனில்லை. எந்தப் பக்கம் போகக் கூடாது என்று இரண்டு வரி டைப் செய்திருந்தால் இருவருக்கும் சேர்ந்திருக்கும். அதன்பிறகு விலைப்பட்டியல், விடுமுறை அறிவிப்பு, ஃபோன் நம்பர் எதையும் படமாக மட்டும் போட நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் படம்தான்.

மற்றவை சுருக்கமாக. மவுஸைக் கழற்றிவிட்டு டேப் கீயை மட்டும் வைத்து ஃபார்மை நிரப்பிப் பாருங்கள். கை நடுங்குபவர் எங்கே சிக்குவார் என்று தெரிந்துவிடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது உலக அளவுகோல். மதிய வெயிலில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நின்று போனைப் பார்த்தால் வெளிர்சாம்பல் எழுத்தின் லட்சணம் புரியும். வீடியோவுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள்.

"நம்ம கடைக்கு அவங்க எங்க சார் வரப்போறாங்க?" என்று மாற்றுத்திறனாளிகளைப் பற்றிக் கடைக்காரர்கள் கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் சொல்லி ஒரு கடைக்காரரும் என்னிடம் மசிந்ததில்லை. படத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலைவிட டைப் செய்தது கூகுள் தேடலில் சுலபமாகச் சிக்கும் என்றால் உடனே சரி என்பார்கள். நானும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அக்காவை ஓசியில் வேலை வாங்குவதில்லை. எஸ்டிமேட்டிலேயே 'சோதனைக் கூலி' என்று தனி வரி போடுகிறேன். பேரம் பேசினால் முகப்பில் ஓடுகிற ஸ்லைடரை எடுத்துவிட்டு அந்தக் காசைக் குறைத்துக்கொள்கிறேன். கூலியில் கை வைப்பதில்லை. ஸ்லைடர் அக்காவுக்கும் தொல்லைதான்.