வீட்டை விட்டு நீங்காத சிரங்கு

எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிக் குப்பங்களில் ஒரே பாயில் நால்வர் உறங்கும் வீட்டில் சிரங்கு புகுந்தால் எளிதில் நீங்குவதில்லை. நாம் மருந்தின்மீது பழி சுமத்துகிறோம். பிழையோ பூசும் முறையில் உள்ளது. தோலைத் துளைத்து முட்டையிடும் நுண்ணிய பூச்சியால் வருவது இந்நோய். முதன்முறை தொற்றியவருக்கு 4 முதல் 6 வாரம் வரை அரிப்பு தோன்றாதிருக்கலாம். ஆயினும் அவரிடமிருந்து பிறருக்குப் பரவும். கடலுக்குச் சென்ற தந்தையையும் ஆலையில் இரவுமுறை பார்க்கும் மகனையும் விட்டுப் பிள்ளைக்கு மட்டும் மருந்திட்டுப் பயனென்ன? அனைவரும் வீட்டிலிருக்கும் ஓரிரவில், மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால்வரை, விரலிடுக்கும் விடாது பூசி, காலையில் குளிக்க வேண்டும். 7 நாளுக்குப்பின் மீண்டும் ஒருமுறை. கைக்குழந்தைக்கு மருத்துவர் சொற்படியே. துணிகளை வெந்நீரில் துவைக்கலாம்; குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் தெருவில், பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கினாலும் பூச்சி மடியும். அதன்பின்னும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம். அதற்காகத் தாமே களிம்பை மேலும் மேலும் பூசுதல் தகாது.