ஆரல்வாய்மொழியில் தன்னிறைவு வாழ்வு கூடுமா?

நாஞ்சில் நாடு என்றதும் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளையும் வயல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் சென்றால், கால்வாய் நீர் எட்டாத மேட்டு நிலமும் பனையும் முள்ளும் காற்றுமே காண்கிறோம். 1752-இல் புனித தேவசகாயம் உயிர் நீத்த காற்றாடிமலையும் இங்கேதான் உள்ளது. பெயரிலேயே காற்று இருக்கிறது! இங்கு ஒரு குடும்பம் கடையை நம்பாமல் வாழக் கூடுமா என ஆராய்வோம்.

முதலில் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. கணவாய் வழியே வருவது காற்றுதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்ப வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொண்டால் 30,000 லிட்டர். கிராமத்தில் ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் என்பது அரசின் கணக்கு. அப்படியானால் ஐவருக்கு ஆண்டுக்கு 1,00,375 லிட்டர் வேண்டும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 18,250 லிட்டர் போதும். குளிக்கவும் துவைக்கவும் குளம் வேண்டும். குளத்தைத் தூர்வார ஒரு வீட்டாரால் ஆகாது.

மாத்தூர்த் தொட்டிப்பாலம் இல்லையா என்று கேட்கலாம். 1966-இல் 115 அடி உயரத்தில் 28 தூண்கள் மேல் கட்டிய அப்பாலம் கல்குளம், விளவங்கோடு மேட்டு நிலங்களுக்கு நீர் தந்தது உண்மையே. ஆனால் அது வெளியிலிருந்து வந்த நீர், தன்னிறைவு அன்று.

உணவுக்கு நெல் ஆகாது. வாழை காற்றில் ஒடியும். காணம், கேழ்வரகு, முருங்கை, மரச்சீனி இவற்றோடு ஆடும் வளர்க்கலாம்.

பனையோ நம்மிடம் தண்ணீர் கேட்பதில்லை. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் பதநீர், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி, பிறகு நுங்கு, கிழங்கு, ஓலைப் பெட்டி, கட்டிலுக்கு நார் என்று எத்தனை! ஆனால் நட்டவர் பதநீர் குடிக்க ஏறக்குறைய 15 ஆண்டு காத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏற வேண்டும். அடுப்பின் முன் புகையில் கண் எரிய நிற்பவர்கள் பெண்களே. பனையைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவோர் இதை எழுதுவதில்லை. பனையேறிகளின் பிள்ளைகள் இன்று வேறு தொழிலுக்குப் போவதில் வியப்பில்லை.

முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று அவ்வூருடையது, மின்சாரமோ கம்பி வழியே எங்கெங்கோ போகிறது.

எங்கள் முடிவு இதுதான்: தனி வீட்டுக்குக் கூடாது, குளத்தையும் பனையையும் பொதுவில் காக்கும் ஊருக்கு ஓரளவு கூடும். உப்புக்குப் புத்தளம் உப்பளம் உண்டு. கருப்பட்டியைக் கொடுத்து நாஞ்சில் நாட்டு அரிசி வாங்கலாம். துணி, மருந்து, பாடப்புத்தகம் ஆகியவற்றுக்கு மட்டும் ஆட்டை விற்றுத்தான் ஆக வேண்டும்.