காற்றும் ஐயமும்

“பேராசிரியரிடம் கேட்டு இலக்கண ஐயத்தைத் தெளிந்தேன்” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கிளியர் தி ஏர்’ என்ற மரபுத்தொடரை ஒருமுறை கையாண்டேன். விடைத்தாளைத் தந்த பேராசிரியர், “நமக்குள் என்ன தம்பி பிணக்கு?” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. கொடைக்கானல் சுற்றுலாவில்தான் விளங்கியது.

பயணக் கணக்கு என் பொறுப்பு. வத்தலக்குண்டில் எண்ணிப் பார்த்தபோது முந்நூறு ரூபாய் குறைந்தது. என் அறைத்தோழன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அவன் பார்வை மாறிவிட்டது.

தூண் பாறையை மூட்டம் மறைத்திருந்தது. கால்மணி நேரத்தில் அது தானே விலக, ஏறத்தாழ 400 அடி உயரமுள்ள மூன்று பாறைகளும் தெரிந்தன. ‘இதுதான் அத்தொடரின் பொருள்’ என்று எண்ணினேன். எங்களிடையே இருந்த மூட்டமோ விலகவில்லை.

பின்பு சூரிய ஆய்வுக்கூடம் சென்றோம். 1899இல் நிறுவப்பட்ட இக்கூடத்தில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இத்தகைய அறிவு ஐயம் நீங்குவதை ஆங்கிலத்தில் ‘டிஸ்பெல்’ என்ற வினையால் சொல்லலாம். ‘கிளியர் தி ஏர்’ பொருந்தாது. சூரியனுக்கும் ஆராய்ச்சியாளருக்கும் பிணக்கில்லை அல்லவா?

மலையிறங்கியதும் சமவெளியின் புழுக்கம் தாக்கியது. அன்றிரவு விடுதியில் தோழன் கேட்டேவிட்டான்: “அந்த முந்நூறு எங்கேடா?” எனக்குச் சினம் பொங்கியது. இருவரும் உரக்கப் பேசினோம். பிறகு கணக்கேட்டை வரிவரியாகப் பார்த்தோம். புறப்பட்ட அன்று ஓட்டுநருக்குப் பேட்டாவாக நான் கொடுத்த முந்நூறு எழுதப்படவில்லை. பிழை என்னுடையதே. “அன்றே கேட்டிருக்கலாமே!” என்றேன். “அன்றே எழுதியிருக்கலாமே!” என்றான். இருவரும் சிரித்தோம். அன்று மழை பெய்யவில்லை. ஆனால், புழுக்கம் போயிற்று.

அப்போதுதான் தொடரின் பொருள் பிடிபட்டது. அதன் உவமை மூடுபனியன்று. இடிமழைக்குப் பின் புழுக்கம் தணிந்து காற்றுத் தெளிவதே. மூடுபனி தானே விலகும். மனிதரிடையே உள்ள சந்தேகம் பேசினால்தான் விலகும். எனவே, நண்பர்களே, பாடத்தில் தோன்றும் ஐயத்துக்கு இத்தொடரைக் கையாளாதீர்கள். இருவரிடையே சொல்லாமல் கிடக்கும் சந்தேகமோ மனத்தாங்கலோ வெளிப்படையான பேச்சால் நீங்கும் இடத்திற்கே அது உரியது. ‘மனம்விட்டுப் பேசி மனப்புழுக்கம் தீர்தல்’ என்பதே இதற்கு நேரான தமிழ். ‘மனப்புழுக்கம்’ என்று சொல்லும் நமக்கு இந்த உவமை புதியதன்று. அதனை ஆங்கில ஏட்டில் தேடிய நான், நம் வீட்டுச் சொல்லில் கண்டுகொண்டேன்.